சாம்பிள் ரேட் குழப்பம் இல்லாமல் ரேடியோ ஸ்டுடியோவை ஐபி ஆடியோவுக்கு மாற்றுவது எப்படி?

ஸ்டுடியோவில் இருக்கும் பழைய ஆடியோ கேபிள்களைக் கழற்றிவிட்டு, ஒலி எல்லாவற்றையும் நெட்வொர்க் கேபிளில் ஓட்டப் போகிறீர்களா (இதைத்தான் ஐபி ஆடியோ என்கிறோம்)? கன்சோல் (ஒலிகளைக் கலக்கும் மேசை), ப்ளேஅவுட் கம்ப்யூட்டர் (பாட்டுகளை ஓட்டுவது), ப்ராசசர் (ஒலிபரப்புக்கு முன் ஒலியைச் சீராக்குவது), ட்ரான்ஸ்மிட்டர் என எதைத் தனியாகச் சோதித்தாலும் நன்றாகவே வேலை செய்யும். எல்லாவற்றையும் இணைத்த பிறகு எங்கிருந்தோ ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். கால் மணிக்கு ஒரு தடவை வரும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வராது. நான் இதில் நிறையவே அலைந்திருக்கிறேன். கருவி விற்றவர் நெட்வொர்க் ஸ்விட்ச்சைக் கைகாட்டினார், ஸ்விட்ச் போட்டவர் ப்ராசசரைக் கைகாட்டினார். உண்மையில் ஸ்விட்ச், ப்ராசசர் இரண்டிலும் கோளாறு இல்லை. சாம்பிள் ரேட்டையும் க்ளாக்கையும் சரியாகத் திட்டமிட்டிருந்தால் அந்தச் சத்தமே வந்திருக்காது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள்: சாம்பிள் ரேட் வேறு, க்ளாக் வேறு. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோம் என்பது சாம்பிள் ரேட்; அந்த அளவெடுப்புக்குத் தாளம் போடும் கடிகாரம் க்ளாக். இரண்டு கருவிகளும் '48 கிலோஹெர்ட்ஸ்' என்று காட்டலாம். ஆனால் ஒவ்வொன்றும் தனக்குள் இருக்கும் க்ரிஸ்டலை வைத்து எண்ணினால் அவை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் விலகும். இடையில் 20 மில்லிசெகண்ட் அளவுக்குப் பஃபர் (வந்த ஒலியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் நினைவகம்) இருந்தால் சுமார் 17 நிமிடம் தாக்குப்பிடிக்கும். பிறகு பஃபர் வறண்டோ வழிந்தோ ஒரு 'டிக்'. அப்புறம் மறுபடி 17 நிமிடம் அமைதி. மேலே சொன்ன கால் மணிக் கணக்கு இதுதான்.

1. முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்

கருவி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒலி கடந்து போகும் ஒவ்வொரு கருவியையும் வரிசையாக எழுதுங்கள். மைக்கில் தொடங்கி ஆன்டெனா வரை ஒரு பாதை, ஸ்ட்ரீமிங் சர்வர் வரை இன்னொரு பாதை. ஒவ்வொரு கருவிக்கும் எதிரே இவற்றைக் குறியுங்கள்:

- எந்தெந்த ரேட்டில் ஓடும்? இப்போது எதில் ஓடுகிறது?
- க்ளாக்கை எங்கிருந்து எடுக்கிறது? தன்னுடையதா, டிஜிட்டல் இன்புட்டிலிருந்தா, நெட்வொர்க்கிலிருந்தா?
- இன்புட்டில் ரேட் கன்வெர்ட்டர் (ஒரு சாம்பிள் ரேட்டை இன்னொன்றாக மாற்றும் பகுதி) உண்டா? அவுட்புட்டில்? அதை அணைக்க முடியுமா?
- ஃபர்ம்வேர் பதிப்பு என்ன? ரேட்டை மாற்றும் இடம் எந்த மெனுவில் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குத்தான் விடை கிடைக்காமல் திண்டாடுவீர்கள். விளம்பரத் தாளில் அது இருக்காது. முழு மேனுவலைத் தரவிறக்கிப் பின்பக்கத்து விவரக்குறிப்புகளைத் தேட வேண்டும். அங்கும் இல்லையென்றால் விற்பனையாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். ஃபோனில் "எல்லாம் சப்போர்ட் பண்ணும் சார்" என்பார்கள். எழுத்தில் கேட்டால்தான் உள்ளே விசாரித்துவிட்டுச் சரியான பதில் தருவார்கள். பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கும் அந்தக் கடிதம் உதவும்.

இன்னும் சில ஆவணங்களைக் கையோடு எடுத்து வையுங்கள்: ஒவ்வொரு கருவியின் இப்போதைய செட்டிங்குகளின் பேக்கப் ஃபைல், லைசென்ஸ் சாவிகள், ஐபி முகவரிப் பட்டியல். மாற்றும் இரவில் எதுவாவது சொதப்பினால் திரும்பிப் போக வழி இவைதான்.

2. நிலையம் முழுவதற்கும் ஒரே ரேட்டை முடிவு செய்யுங்கள்

சுருக்கமாகச் சொன்னால், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2013-இல் வந்த ஏஇஎஸ்67 தரம் 48-ஐத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. டான்டே (ஒலியை நெட்வொர்க்கில் அனுப்பும் ஒரு முறை) கருவிகளை ஏஇஎஸ்67 முறையில் ஓட்டினாலும் 48 மட்டும்தான். லைவ்வயர் என்ற இன்னொரு முறை ஆரம்பத்திலிருந்தே 48.

"எங்கள் பாட்டு எல்லாமே சிடியிலிருந்து எடுத்தது, 44.1-இலேயே இருக்கட்டுமே" என்று நிலையத்தில் ஒருவராவது சொல்வார். நியாயமான வாதம்தான், மறுக்கவில்லை. கடைசியில் போய்ச் சேரும் இடம் 44.1-ஐ எதிர்பார்க்கிறது (ஹெச்டி ரேடியோ என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு அப்படித்தான்), நெட்வொர்க் முழுக்க ஒரே நிறுவனத்தின் கருவிகள், அவற்றில் 44.1 வசதி உண்டு என்றால் தாராளமாக அதிலேயே இருங்கள். ஆனால் நாளைக்கு வேறு நிறுவனத்தின் ஒரு கருவியைச் சேர்க்க நேர்ந்தால் அன்றைக்குச் சிக்கல் தொடங்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள் 48-ஐத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

96 வேண்டுமா? எஃப்எம் ஒலிபரப்பில் கேட்பவருக்குப் போய்ச் சேரும் ஆடியோ 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது; 19-இல் 'இது ஸ்டீரியோ' என்று ரேடியோவுக்குச் சொல்லும் பைலட் டோன் உட்கார்ந்திருக்கிறது. 96-இல் ஓட்டினால் நெட்வொர்க் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும், பல கருவிகளில் சேனல் எண்ணிக்கை பாதியாகும். நல்ல ப்ராசசர்கள் உள்ளே தாங்களாகவே ரேட்டை உயர்த்திக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அதற்காக நீங்கள் வெளியிலிருந்து 96 ஊட்ட வேண்டியதில்லை.

பழைய பாட்டு நூலகத்தை மொத்தமாக 48-க்கு மாற்றிச் சேமிக்கும் வேலையிலும் இறங்காதீர்கள். ப்ளேஅவுட் மென்பொருள் ஓடும்போதே மாற்றிக்கொள்ளும். எம்பி3 ஃபைல்களாக இருந்தால் இன்னும் மோசம்: மாற்றிச் சேமிக்கும்போது இரண்டாவது முறை சுருக்கப்பட்டுத் தரம் குறையும். இனி புதிதாகப் பதிவு செய்வதை மட்டும் 48-இல் செய்யுங்கள்.

3. ஒரே ஒரு க்ளாக், அதற்கு ஒரு துணை

ஏஇஎஸ்67 உலகத்தில் க்ளாக்கைப் பரப்புவது பிடிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை. நெட்வொர்க்கில் ஒரு கருவி தலைமை க்ளாக்காக இருக்கும், மற்றவை அதைப் பின்தொடரும். யார் தலைமை என்பதைக் கருவிகள் தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொள்ளும். அதில் முதலில் பார்க்கப்படுவது 'ப்ரயாரிட்டி 1' என்ற எண். குறைந்த எண் வைத்திருப்பவருக்கே தலைமை. வாங்கி வரும்போது பெரும்பாலும் எல்லாக் கருவியிலும் 128 என்றே இருக்கும். அப்படியே விட்டால் உங்களுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களால் ஏதோ ஒரு ஓரத்துக் கருவி தலைவராகிவிடும். நீங்களே தேர்ந்தெடுத்து ஒன்றுக்கு 10, துணைக்கு 20 என்பதுபோல எண் கொடுங்கள். மற்றவற்றை 128-இலேயே விடுங்கள்.

எப்போதும் அணைக்கப்படாத, யுபிஎஸ்ஸில் இருக்கும் கருவியைத் தலைமையாக வையுங்கள். மின்சாரம் போய் வந்தால் எது முதலில் விழித்தெழும் என்பதையும் பாருங்கள். தலைமைக் கருவி எழுந்திருக்க நேரம் எடுத்தால் அதற்குள் வேறொன்று தலைமையை எடுத்துக்கொள்ளும். பிறகு கைமாறும்போது ஒரு குலுக்கல் கேட்கும்.

இங்கே பலர் விழும் மூன்று குழிகள்:

ஒன்று, பிடிபியில் இரண்டு பதிப்புகள் உண்டு. டான்டே வழக்கமாக முதல் பதிப்பில் ஓடும். ஏஇஎஸ்67 கேட்பது இரண்டாவதை. ஒரே கம்பியில் இரண்டும் ஓடும், ஆனால் ஒன்றின் பேச்சு மற்றதுக்குப் புரியாது. இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஒரு கருவியில் ஏஇஎஸ்67 முறையை இயக்கினால்தான் பாலம் கிடைக்கும்.

இரண்டு, டொமைன் எண், அதாவது ஒரு கருவி எந்த பிடிபி குழுவில் இருக்கிறது என்பதற்கான எண். ஒரு கருவியில் 0, இன்னொன்றில் 1 என்று இருந்தால் இரண்டும் 'லாக் ஆகிவிட்டேன்' என்று பச்சை விளக்கு காட்டும், வேறு வேறு க்ளாக்கில். விளக்கை நம்பாமல், ஒவ்வொரு கருவியும் தலைமை என்று சொல்லும் க்ளாக்கின் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே எண் இருக்க வேண்டும்.

மூன்று, வளையம். ப்ராசசர் தன் க்ளாக்கைக் கன்சோலின் டிஜிட்டல் அவுட்புட்டிலிருந்து எடுக்கிறது. கன்சோல் ப்ராசசரிலிருந்து திரும்பி வரும் இன்புட்டிலிருந்து எடுக்கிறது. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும், ரேட் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். பட்டியலில் 'க்ளாக் எங்கிருந்து' என்று எழுதினீர்களே, அதை அம்புக்குறிகளாக வரைந்தால் வளையம் உடனே கண்ணில் படும்.

4. ரேட் மாற்றம் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக்கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

விதி இதுதான்: ரேட்டை மாற்றுவதானால் ப்ராசசரின் கடைசி லிமிட்டருக்கு (ஒலியின் உச்சிகளை அமுக்கும் பகுதி) முன்னால் மாற்றுங்கள். அதற்குப் பின்னால் மாற்றாதீர்கள்.

ஏன்? ப்ராசசர் ஒலியலையின் உச்சிகளை ஒரு கோட்டுக்குள் மிகக் கறாராக அமுக்கி அனுப்புகிறது. எஃப்எம்மில் அந்தக் கோடு உங்கள் டீவியேஷன் வரம்பு, அதாவது ஒலிக்கேற்ப அலைவரிசை எவ்வளவு விலகலாம் என்ற எல்லை. பெரும்பாலான இடங்களில் 75 கிலோஹெர்ட்ஸ். பிறகு வழியில் ஒரு கன்வெர்ட்டர் குறுக்கிட்டால், அது பழைய சாம்பிள்களை அப்படியே தராது. அவற்றுக்கு இடையில் புதிய புள்ளிகளைக் கணக்கிட்டு எடுக்கும். இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே ஒளிந்திருந்த உச்சி வெளியே வரும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஃபில்டரும் தன் பங்குக்குத் துள்ளலைக் கூட்டும். கோட்டுக்குள் இருந்த ஒலி கோட்டைத் தாண்டும். அந்த விலகலை அளக்கும் மாடுலேஷன் மானிட்டரில் வரம்பு மீறல் தெரியும். உடனே நீங்கள் என்ன செய்வீர்கள்? லெவலைக் குறைப்பீர்கள். ப்ராசசருக்குச் செலவழித்த காசில் ஒரு பகுதி அந்த இடத்திலேயே போய்விட்டது. பக்கத்து நிலையத்தைவிடச் சத்தம் குறைவாக ஒலிக்கும்.

இன்னும் நுணுக்கமான ஒன்று: ரேட் இரண்டு பக்கமும் 48-ஆகவே இருந்தாலும் கன்வெர்ட்டர் சுற்றில் இருந்தால் இதே கதிதான். அது ஒரு 48-ஐ வாங்கி, வேறொரு க்ளாக்கில் ஓடும் 48-ஆக மாற்றுகிறது. புள்ளிகள் நகரத்தான் செய்யும். அதனால்தான் 'அணைக்க முடியுமா?' என்று பட்டியலில் கேட்டேன். ப்ராசசரின் அவுட்புட், ட்ரான்ஸ்மிட்டருக்குப் போகும் லிங்க், எக்ஸைட்டரின் (ட்ரான்ஸ்மிட்டரில் எஃப்எம் அலையை உருவாக்கும் பகுதி) இன்புட் மூன்றும் ஒரே க்ளாக்கைப் பின்தொடர்ந்தால் கன்வெர்ட்டரை அணைத்துவிடலாம். சில எக்ஸைட்டர்களில் அணைக்க வழியே இருக்காது. அப்போது ப்ராசசரை ட்ரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், ஸ்டீரியோ கலவை முழுவதையும் எம்பிஎக்ஸ் (ஒலி, பைலட் எல்லாம் சேர்ந்த ஒரே சிக்னல்) ஆகவே எக்ஸைட்டருக்குக் கொடுப்பது நல்லது. ஒலியைச் சுருக்கி அனுப்பும் லிங்க்கும் உச்சிகளைக் கெடுக்கும். அப்படிப்பட்ட லிங்க்கானால் ப்ராசசரின் இடம் அந்தப் பக்கம்தான், ஸ்டுடியோவில் அல்ல.

டிஜிட்டல் எம்பிஎக்ஸ் 192 கிலோஹெர்ட்ஸில் ஓடும். இதை வழியில் எந்தக் கருவியும் தொடக்கூடாது: லெவல் மாற்றம், கன்வெர்ட்டர், எதுவும் ஆகாது. ஒரு விசித்திரமான கோளாறு இங்கே வரும். வழியில் எங்கோ ஒரு கருவி சத்தமில்லாமல் 192-ஐ 48-ஆக மாற்றிவிடுகிறது என்று வையுங்கள். 48-இல் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தங்காது. பைலட் 19-இல் இருப்பதால் தப்பித்துவிடும். ரேடியோவில் ஸ்டீரியோ விளக்கு எரியும். ஆனால் இடது வலது வித்தியாசத்தைச் சுமக்கும் 23 முதல் 53 வரையிலான பகுதி காணாமல் போயிருக்கும். 57-இல் இருக்கும், நிலையத்தின் பெயரை ரேடியோவின் திரைக்கு அனுப்பும் ஆர்டிஎஸ்ஸும் போயிருக்கும். விளக்கைப் பார்த்தால் ஸ்டீரியோ, காதில் கேட்பது மோனோ. திரையில் நிலையத்தின் பெயர் வராவிட்டால் உடனே இதைச் சந்தேகியுங்கள்.

லிமிட்டருக்கு முன்னால் கன்வெர்ட்டர் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இப்போதைய கன்வெர்ட்டர்கள் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் தரமானவை. தொலைபேசி இணைப்பு, யுஎஸ்பி கருவி, வெளியிடத்து லிங்க் எல்லாம் சொந்த க்ளாக்கில் ஓடுபவை. அவற்றுக்குக் கன்வெர்ட்டர் தேவையும்கூட. ஒன்று மட்டும் கவனம்: ஒவ்வொரு கன்வெர்ட்டரும் கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கும். பேசுபவரின் ஹெட்ஃபோன் பாதையில் அவற்றை அடுக்காதீர்கள். ஹெட்ஃபோனுக்கு ப்ராசசரின் முதன்மை அவுட்புட்டைக் கொடுக்காமல், தாமதம் குறைந்த தனி அவுட்புட்டைக் கொடுங்கள்.

5. கம்ப்யூட்டர்களைத் தனியாகக் கவனியுங்கள்

ரேட் யாருக்கும் தெரியாமல் மாறும் இடம் பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். விண்டோஸில் ஒலியைப் பகிர்ந்து ஓட்டும்போது, சவுண்டு செட்டிங்கில் குறித்திருக்கும் ரேட்டுக்கு அது தானாகவே எல்லாவற்றையும் மாற்றும். ப்ளேஅவுட் மென்பொருள் 44.1 ஃபைலை 48-ஆக்கி, விண்டோஸ் அதை 44.1-ஆக்கி, டிரைவர் மீண்டும் 48-ஆக்கி அனுப்பும் அபத்தமெல்லாம் நடக்கும். விண்டோஸின் இந்த மாற்றத்தைத் தவிர்த்து நேராகக் கருவியோடு பேசும் ஏசியோ டிரைவர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சவுண்டு செட்டிங், டிரைவர், மென்பொருள் மூன்றிலும் 48 என்று கையால் குறியுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு திரும்பவும் சரிபாருங்கள்.

டான்டேயில் ரேட் ஒத்துப்போகாத இரண்டு கருவிகளை இணைக்கப் பார்த்தால் அது இணைக்க மறுத்து எச்சரிக்கை காட்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நல்ல குணம். சத்தமில்லாமல் மாற்றிவிடும் கருவிகள்தான் ஆபத்து.

6. ஸ்ட்ரீமிங்குக்குத் தனிப் பாதை

எஃப்எம்முக்குப் போகும் ஒலியை அப்படியே ஸ்ட்ரீமுக்குத் திருப்பாதீர்கள். தனி ப்ராசசிங் வேண்டும். ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை உள்ளே 48-இல் ஓடுவது, அதற்கு 44.1 கொடுத்தால் வீணாக ஒரு மாற்றம். எம்பி3, ஏஏசி இரண்டும் 44.1, 48 இரண்டையும் ஏற்கும். இங்கும் 48-ஐயே தொடருங்கள். என்கோடரும் உச்சிகளைத் துள்ளவைக்கும் என்பதால் லிமிட்டரின் உச்சவரம்பைப் பூஜ்யத்தில் வைக்காமல் ஒரு டெசிபெல் கீழே வையுங்கள்.

7. நெட்வொர்க்கும் செலவும்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒலி மட்டும் நொடிக்கு 2.3 மெகாபிட், பாக்கெட் தலைப்புகளைச் சேர்த்தால் ஏறக்குறைய 3. ஜிகாபிட் நெட்வொர்க்குக்கு இது தூசு. சிக்கல் கொள்ளளவில் இல்லை, ஸ்விட்ச்சின் குணத்தில் இருக்கிறது. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்சாக இருக்க வேண்டும். மல்டிகாஸ்ட்டைக் (ஒரே ஸ்ட்ரீமைப் பல கருவிகளுக்கு அனுப்பும் முறை) கட்டுப்படுத்தி, கேட்ட கருவிக்கு மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இயங்க வேண்டும். 'எந்த ஸ்ட்ரீம் யாருக்கு வேண்டும்?' என்று அவ்வப்போது கேள்வி கேட்கும் 'கொயரியர்' ஒன்று நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றை மறந்துவிட்டால் எல்லாம் சில நிமிடம் ஓடிவிட்டு ஸ்ட்ரீம்கள் திடீரென்று நிற்கும். மின்சாரம் சேமிக்கும் ஈதர்நெட் வசதியை அணைத்துவிடுங்கள். அது க்ளாக் பாக்கெட்டுகளைத் தாமதப்படுத்தும். முன்னுரிமை வரிசையில் க்ளாக் முதலில், ஒலி அடுத்து, மற்றதெல்லாம் பின்னால்.

செலவைக் கணக்கிடும்போது கருவியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ப்ராசசரில் நெட்வொர்க் ஆடியோ கார்டு பல நேரம் தனி விலை. ஏஇஎஸ்67 தனி லைசென்ஸாக விற்கப்படுவதும் உண்டு. விலைப்பட்டியல் கேட்கும்போதே "இந்த விலையில் 48-இல் பிடிபி இரண்டாம் பதிப்போடு ஏஇஎஸ்67 ஸ்ட்ரீம் வாங்கவும் அனுப்பவும் முடியுமா?" என்ற ஒரே வாக்கியத்தைச் சேர்த்துக் கேளுங்கள். ஜிபிஎஸ் வைத்த தனி க்ளாக் கருவி ஒரே கட்டிடத்துக்குள் இருக்கும் சின்ன நிலையத்துக்குத் தேவையில்லை. பல ட்ரான்ஸ்மிட்டர்கள் ஒரே நேரத்தில் ஒத்திசைந்து ஓட வேண்டும் என்றால் தேவை. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு ஸ்விட்ச் வாங்கி, அதே செட்டிங்குகளை ஏற்றி அலமாரியில் வையுங்கள்.

8. மாற்றும் இரவும் சோதனையும்

கேட்பவர்கள் குறைவாக இருக்கும் பின்னிரவைத் தேர்ந்தெடுங்கள். ரேட்டை மாற்றினால் பல கருவிகள் ரீபூட் ஆகும், இணைப்புகள் அறுந்துபோகும். ஒலிபரப்புக்கு அந்த நேரத்தில் பழைய அனலாக் பாதை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். வரிசை: முதலில் க்ளாக், அடுத்து கன்சோல், அதன்பின் ப்ளேஅவுட், கடைசியாக ப்ராசசரும் ட்ரான்ஸ்மிட்டரும். ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ப்ராசசரில் சேமித்து வைத்த ப்ரீசெட்டுகளில் பழைய ரேட்டும் சேர்ந்து சேமிக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

முதல் சோதனைக்கு 1000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஒரு கோடியில் கொடுத்து மறுகோடியில் அளந்து பாருங்கள். 1000 என்று காட்டினால் சரி. 1088 என்று வந்தால் 44.1 பொருளை 48 ஆக நினைத்து ஓட்டுகிறது ஏதோ ஒன்று. 919 என்று வந்தால் நேர்மாறு. பாட்டில் இது முக்கால் கட்டை சுருதி ஏறியதுபோலவோ இறங்கியதுபோலவோ கேட்கும். மூன்று நிமிடப் பாட்டு 15 நொடி முன்னாலேயே முடிந்துவிடும், அல்லது அதே அளவு இழுக்கும்.

அடுத்தது நீண்ட சோதனை. அதே டோனை 24 மணி நேரம் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு ஆடியோ எடிட்டரில் ஸ்பெக்ட்ரம் பார்வையில் திறந்து பாருங்கள். சுத்தமாக இருந்தால் ஒரே ஒரு கிடைக்கோடு தெரியும். 'டிக்' விழுந்த இடங்களில் மேலிருந்து கீழ்வரை செங்குத்துக் கோடுகள் தெரியும். தேடிக் கேட்க வேண்டியதில்லை. கோடுகள் சம இடைவெளியில் இருந்தால் க்ளாக் விலகல். தாறுமாறாக இருந்தால் நெட்வொர்க்கில் பாக்கெட் தவறுகிறது. ஸ்விட்ச்சின் எண்ணிகளையும் கருவிகளில் 'தாமதமாக வந்த பாக்கெட்' எண்ணிக்கையையும் பாருங்கள். நாளின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கூட்டமாக விழுந்தால், அந்த நேரத்தில் அதே நெட்வொர்க்கில் பேக்கப் எடுப்பது யார் என்று விசாரியுங்கள்.

கடைசியாக ட்ரான்ஸ்மிட்டர் பக்கம் மாடுலேஷன் மானிட்டரை வையுங்கள். மாற்றத்துக்கு முன் எடுத்த உச்ச அளவுகளோடு இப்போதுள்ளதை ஒப்பிடுங்கள். அதே பாட்டு, அதே ப்ரீசெட். உச்சி கூடியிருந்தால் லெவல் குமிழைத் தொடாதீர்கள். லிமிட்டருக்குப் பின்னால் எங்கோ ஒரு கன்வெர்ட்டர் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது. ப்ராசசரின் அவுட்புட் மெனுவிலிருந்து ஒவ்வொரு கருவியாக எக்ஸைட்டர் வரை தேடிப்போங்கள்.